துறை கடந்த புதிய ஆய்வுக் கூட்டுகளுக்கு விதை நிதி: 60 லட்சத்தை எப்படிப் பிரிப்பது, எங்கே சிக்கும்?

#1 பொருநை

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரும் நிதியாண்டுக்கு 60 லட்ச ரூபாய் விதை நிதி (புதிய ஆய்வைத் தொடங்கிவைக்கக் கொடுக்கும் தொகை) ஒதுக்க நிதிக்குழு கொள்கையளவில் ஒப்புக்கொண்டிருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: இதுவரை சேர்ந்து வேலை செய்யாத துறைகள் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். விதிமுறை வரைவு ஆராய்ச்சிப் பிரிவில் தயாராகிறது. பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டுக்குப் போகுமுன் சில விஷயங்களில் தெளிவு தேவை.

ஆறு பேருக்கு 10 லட்சமா, இருபது பேருக்கு 3 லட்சமா? தேர்வுக்குழுவில் யார் இருக்க வேண்டும்? எதற்குச் செலவு செய்யலாம், எதற்குக் கூடாது? 'புதிய கூட்டு' என்பதை எப்படி உறுதி செய்வது?

பேச வசதியாக ஓர் எடுத்துக்காட்டு: மின்னணுவியல் துறை, பொருளியல் துறை, அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை மூன்றும் சேர்ந்து உப்பளத் தொழிலாளர்களின் வெப்பப் பாதிப்பை அளக்கும் திட்டம். இப்படிப்பட்ட விண்ணப்பங்கள்தான் அதிகம் வரும் என்று எதிர்பார்ப்பு.

#2 மருதத்திணை

முதல் கேள்விக்கு நேரடி பதில்: 3 லட்சம் வேண்டாம். அந்தத் தொகையில் ஆள் போட முடியாது. ஆள் இல்லையென்றால் இரண்டு துறையும் ஆளுக்கொரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு மாநாட்டுப் பயணம் என்று முடித்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000. 18 மாதத்துக்கு 6,66,000. வீட்டு வாடகைப் படியைச் சேர்த்தால் ஏழேகால் லட்சத்தைத் தாண்டும். 10 லட்சத்தில் மிச்சம் இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல். உங்கள் உப்பளத் திட்டத்துக்கு அது போதும்: கருவிக்கான உதிரிபாகம் 80,000, ஆய்வகப் பரிசோதனை 70,000, களப்பயணம் 60,000, இதர செலவு 40,000.

'ஆளுக்கு 15,000 கொடுத்து ப்ராஜெக்ட் அசிஸ்டெண்ட் போட்டுக்கொள்ளலாமே' என்று நிதிப்பிரிவில் சொல்வார்கள். அந்தச் சம்பளத்துக்கு வருகிறவர் வேறு எங்காவது ஃபெலோஷிப் கிடைத்ததும் போய்விடுவார், போவதும் நியாயம். துறை கடந்த வேலையில் இந்த ஒருவர்தான் இரண்டு ஆய்வகத்துக்கும் நடந்துகொண்டிருப்பவர். மின்னணுவியல்காரர் சொன்னதை மருத்துவருக்கும், மருத்துவர் கேட்டதை மின்னணுவியல்காரருக்கும் கொண்டு சேர்ப்பவர். அவர் நடுவில் போனால் பேராசிரியர்கள் தத்தம் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். விதி எழுதும்போது முதல் வரியே இதுவாக இருக்கட்டும்: நிதியில் குறைந்தது 60 சதவீதம் இரு துறைக்கும் பொதுவான ஓர் ஆளுக்கு. கருவிக்கு 15 சதவீதத்துக்கு மேல் கூடாது.

#3 கணக்கர்_சிவகங்கை

மருதத்திணை சார் சொன்ன கணக்கு சரி. நிதிப்பிரிவு பக்கத்திலிருந்து சில விஷயம்.

இந்த 60 லட்சத்தை வழக்கமான துறைச் செலவுத் தலைப்பில் வைக்காதீர்கள். மார்ச் 31 வந்ததும் செலவாகாத தொகை காலாவதியாகிவிடும், அடுத்த ஆண்டு மீண்டும் நிதிக்குழுவுக்குப் போக வேண்டும். 'குறித்த நோக்க நிதி' என்று தனித் தலைப்பில் வைத்து, 'செலவாகாத தொகை திட்டக் காலம் முடியும்வரை அடுத்த நிதியாண்டுக்கு எடுத்துச் செல்லப்படும்' என்ற வாசகத்தை சிண்டிகேட் தீர்மானத்திலும் பணத்தை விடுவிக்கும் ஒப்பளிப்பு ஆணையிலும் இரண்டிலும் சேர்க்க வேண்டும். ஆணையில் மட்டும் இருந்தால் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் 'எந்த அதிகாரத்தின் பேரில்' என்று கேட்பார்கள்.

ஒப்பளிப்பு ஆணையில் செலவுத் தலைப்பு நான்கு போதும்: ஆள், பொருள், பயணம், இதரம். ஒன்பது தலைப்பு போட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கோப்பு பதிவாளர்வரை போய் வரும். தலைப்புகளுக்கிடையே 20 சதவீதம்வரை மாற்றிக்கொள்ள, திட்டத்தை வழிநடத்தும் முதன்மை ஆய்வாளருக்கே அதிகாரம் கொடுங்கள். ஆள் தலைப்பிலிருந்து மட்டும் வெளியே எடுக்கக் கூடாது என்று ஒரு பூட்டுப் போடுங்கள்.

அப்புறம், பழைய கொட்டேஷனை வைத்து பட்ஜெட் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அது கிடையாது. பெரும்பாலான கருவிக்கு 18 சதவீதம். 80,000 என்று போட்ட உதிரிபாகம் வரியோடா, வரி இல்லாமலா என்று விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு கட்டம் வையுங்கள்.

#4 வடவேங்கடம்

ஆள் முக்கியம் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஆறே ஆறு திட்டத்துக்குக் கொடுப்பதை ஏற்க முடியவில்லை. புதிய கூட்டில் எது உருப்படும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது குழு தானாகவே பாதுகாப்பான விண்ணப்பத்தைத்தான் எடுக்கும். பாதுகாப்பானது என்றால் ஏற்கெனவே பழகிய இருவர், ஏற்கெனவே பாதி முடிந்த வேலை. பிறகு 'புதிய' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? இளம் உதவிப் பேராசிரியருக்கு இந்த வழியில் வாசல் திறக்கவே திறக்காது.

#5 ஏரிக்கரை_ஆன்ஆர்பர்

வடவேங்கடம் சொல்வதற்கு ஆதரவாக ஒரு முன்மாதிரி உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2012இல் 'எம்கியூப்டு' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் மதிப்புள்ள டோக்கன். மூன்று பேர், குறைந்தது இரண்டு வெவ்வேறு பிரிவுகளிலிருந்து, டோக்கனை ஒன்றாகப் போட்டால் 60,000 டாலர் திட்டம் தயார். சக ஆய்வாளர் மதிப்பீடு கிடையாது. பணத்தைப் பெரும்பாலும் மாணவரையோ முனைவர்பட்ட மேலாய்வாளரையோ அமர்த்தத்தான் பயன்படுத்த வேண்டும். அதாவது மருதத்திணை சார் சொன்ன 'ஆள்' கொள்கையும் அதில் இருக்கிறது, வடவேங்கடம் கேட்கிற திறந்த வாசலும் இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டின் பயோ-எக்ஸ் இதற்கு நேர்மாறு. 2000ஆம் ஆண்டு முதல் விதை மானியம் கொடுக்கிறார்கள், இரண்டாண்டுக் காலம், போட்டித் தேர்வு, மதிப்பீடு எல்லாம் உண்டு. இரண்டும் பல சுற்று நடந்தன. எனவே மதிப்பீடு இருப்பதா இல்லாததா என்பதைவிட, சேர வேண்டிய ஆட்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கிறார்களா என்பதுதான் பெரிய கேள்வி.

அதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. ஹார்வர்டு மருத்துவக் கல்வி வட்டாரத்தில் ஒரு கள ஆய்வு நடத்தினார்கள், 2017இல் வெளியானது. ஒரு மானியத்துக்கு விண்ணப்பிக்க வந்த நானூறு பேரைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு அறைகளுக்குப் பிரித்து, 90 நிமிடம் அவரவர் சுவரொட்டியை வைத்துப் பேச வைத்தார்கள். அதே அறையில் இருந்த இருவர் சேர்ந்து விண்ணப்பிக்கும் வாய்ப்பு 75 சதவீதம் கூடியது. அடிப்படை வாய்ப்பே மிகக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்: 0.16லிருந்து 0.28 சதவீதம். ஆனாலும் ஒன்றரை மணி நேரம் ஓர் அறை ஏற்பாடு செய்வதற்கு ஆகும் செலவு என்ன? தேநீரும் பத்து அட்டையும்.

#6 பொருநை

அப்படியானால் இரண்டு கட்டமாகப் பிரிக்கலாமா? முதலில் சிறு தொகை பலருக்கு, பிறகு பெரிய தொகை சிலருக்கு?

#7 மருதத்திணை

பிரிக்கலாம். 50,000 வீதம் 12 ஜோடிகளுக்கு, 6 லட்சம். நான்கு மாதம். இதற்கு மூன்று பக்க விண்ணப்பம் போதும், தகுதி மட்டும் சரிபார்த்து, 12க்கு மேல் வந்தால் குலுக்கல் போட்டுக்கொள்ளுங்கள். வடவேங்கடத்தின் கவலைக்கு அதுவே பதில். பிறகு அந்தப் 12இலிருந்து 5 திட்டங்களுக்கு 10 லட்சம் வீதம் 50 லட்சம். மிச்சம் 4 லட்சத்தைக் கையிருப்பாக வைத்து, நடுவில் யாருக்காவது ஆய்வகக் கட்டணம் எகிறினால் கொடுங்கள்.

அந்த 50,000 எதற்கு? முன்னோட்ட அளவீடு, களத்துக்கு இரண்டு மூன்று முறை சேர்ந்து போய்வருவது, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கான ஆவணம் தயாரிப்பது. நான்கு மாத முடிவில் அறிக்கை கேட்காதீர்கள். இரண்டே இரண்டு தாள் கேளுங்கள்: இருவரும் ஒப்புக்கொண்ட ஒரே ஆய்வுக் கேள்வி, யார் எந்தத் தரவை எந்த வடிவத்தில் யாருக்குத் தருவார் என்ற அட்டவணை. இந்த இரண்டாவது தாளை எழுத உட்காரும்போதுதான் பல கூட்டுகள் உடைகின்றன. 50,000 செலவில் உடைவது 10 லட்சம் செலவில் உடைவதைவிட எவ்வளவோ மேல்.

தேர்வுக்குழுவுக்கு ஒரு கேள்வியைக் கட்டாயமாக்குங்கள்: இந்த விண்ணப்பத்திலிருந்து ஒரு துறையை எடுத்துவிட்டால் ஆய்வுக் கேள்வி நிற்குமா? நின்றால் அது கூட்டு அல்ல. புள்ளியியல் துறையிலிருந்து ஒருவர் பெயரை 'தரவுப் பகுப்பாய்வுக்கு' என்று ஒட்டுவது மிகப் பரவலான வழக்கம். உப்பளத் திட்டத்தில் பொருளியல் துறை எதற்கு என்று கேட்டால், 'கூலி இழப்பைக் கணக்கிட' என்பது பலவீனமான பதில். 'துண்டுவீதக் கூலியில் வேலை செய்பவர் வெயிலில் இடைவேளை எடுக்கிறாரா, அதனால் உடல் அளவீடு மாறுகிறதா' என்பது வலுவான பதில். இரண்டாவதில் பொருளியலை எடுத்தால் மருத்துவ அளவீட்டுக்கே விளக்கம் இல்லாமல் போகும்.

புதிய கூட்டு என்பதற்கு: கடந்த ஐந்து ஆண்டில் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையோ வாங்கிய மானியமோ இருக்கக் கூடாது. உறுதிமொழி வாங்கிக்கொண்டு, ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளமான ஸ்கோபஸில் இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

#8 நெறிக்குழு

மேலே யாரும் தொடாத இடம் ஒன்று: காலண்டர். துறை கடந்த விதை நிதித் திட்டங்களில் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு பாதிக்கு மேல் இருக்கும். அவை சிக்குவது அறிவியலில் இல்லை, தேதியில்.

உப்பளத்தையே எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி பக்கம் உற்பத்தி ஆண்டின் தொடக்க மாதங்களில் ஆரம்பித்து வடகிழக்குப் பருவமழை வரை நடக்கும். வெப்பப் பாதிப்பை அளக்க வேண்டிய உச்சம் ஏப்ரல் முதல் ஜூன். பல்கலைக்கழகம் வழக்கமாக என்ன செய்கிறது? ஏப்ரலில் அறிவிப்பு, ஜூனில் விண்ணப்பம், ஆகஸ்டில் தேர்வு, செப்டம்பரில் ஆணை, அக்டோபரில் முதல் தவணை. அதற்குப் பிறகுதான் ஆய்வாளர் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கிறார். குழு ஒரு முறை கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால் மூன்று மாதம் போய்விடும். கருவி தயாராகும்போது பிப்ரவரி. அனுமதி வரும்போது ஏப்ரல் முடிந்திருக்கும். ஒரு வருடத் திட்டம் என்றால் அந்த வெயில் போனது போனதுதான்.

அதனால்தான் 12 மாதம் போதாது. சிறுநீரக அளவீடு இருந்தால் இன்னும் தெளிவு. கடும் வெயிலில் உழைத்த அன்று ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவு) தற்காலிகமாகக் கூடும். அது நாட்பட்ட பாதிப்பா என்று சொல்ல மூன்று மாதத்துக்கு மேல் கழித்து மறுபடி அளக்க வேண்டும். மே மாதம் எடுத்தவரை செப்டம்பரில் தேடிப் பிடிக்க வேண்டும். அக்டோபர் 1இல் தொடங்கி 18 மாதம் என்றால் கட்டுமானத்துக்கும் அனுமதிக்கும் ஆறு மாதம், களத்துக்கு மூன்று மாதம், மறு அளவீடு, பிறகு எழுத்து, எல்லாம் மார்ச் 31இல் முடியும். நிதியாண்டோடும் ஒத்துப்போகும். மருதத்திணை சார் சொன்ன நான்கு மாத முதற்கட்டத்தை ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை வையுங்கள். அந்த நான்கு மாதத்திலேயே நெறிமுறை விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும் என்பதை இரண்டாம் கட்டத்துக்குத் தகுதியாக்குங்கள். அனுமதி கிடைத்திருக்க வேண்டும் என்று அல்ல, விண்ணப்பித்த ரசீது போதும்.

எந்தக் குழுவிடம் போவது? மருத்துவக் கல்லூரி இல்லாத பல்கலைக்கழகத்தில் பதிவு பெற்ற குழு பெரும்பாலும் இருக்காது. உடலியல், நலவாழ்வு ஆராய்ச்சி என்றால் 2019 விதிகளின்படி சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்த குழு வேண்டும். கூட்டாளியான மருத்துவக் கல்லூரியின் குழுவையே எழுத்துமூலம் ஏற்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி அந்தக் குழுவில் 7 முதல் 15 பேர், தலைவர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து, கூட்டம் செல்ல குறைந்தது 5 பேர். பொறியியல் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிது என்பதால் 'எங்கள் கருவி வெறும் தெர்மாமீட்டர்தானே' என்பார்கள். தெர்மாமீட்டர் கம்பத்தில் இருந்தால் சரி. தொழிலாளியின் சட்டையில் மாட்டிய நிமிடமே அது மனித ஆய்வு.

ஒப்புதல் படிவம் தமிழில், உரக்க வாசித்துக் காட்டும்படி, இரண்டு பக்கத்துக்குள். கைநாட்டு வைப்பவர் என்றால் ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சி மேஸ்திரியாக இருக்கக் கூடாது. வேலை கொடுப்பவர் பக்கத்தில் நிற்கும்போது தரும் சம்மதத்தைக் குழு ஏற்காது, ஏற்கவும் கூடாது. அரைநாள் கூலி இழப்பை ஈடுசெய்யும் தொகையை பட்ஜெட்டில் எழுதுங்கள், பலர் இதை மறக்கிறார்கள்.

#9 வடவேங்கடம்

கருவி பக்கத்திலிருந்து இதே காலண்டர் விஷயத்துக்கு ஒரு சேர்க்கை. உடல் தாங்கும் வெப்பச் சுமையைக் காட்ட வெயிலில் பயன்படும் டபிள்யூ.பி.ஜி.டி. அளவு என்பது மூன்று வெப்பமானிகளின் கூட்டு: ஈரத் திரி சுற்றிய இயற்கை ஈரக்குமிழ் 0.7 பங்கு, கருங்கோளம் 0.2, நிழலில் காற்று 0.1. இதற்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 7243 சொல்லும் கருங்கோளம் 150 மி.மீ. விட்டம். அது நிலைக்கு வர 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். மருத்துவத் துறையினர் ஐந்து நிமிடம் நிறுத்திப் படித்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போகலாம் என்று நினைப்பார்கள். அந்த எண் எதற்கும் உதவாது.

சிறிய கோளம், 40 மி.மீ. பந்து, வேகமாக நிலைக்கு வரும், சட்டையிலும் மாட்டலாம். ஆனால் அதன் அளவு பெரிய கோளத்துடன் ஒத்துப்போகாது, திருத்தக் கணக்கு போட வேண்டும். எனவே ஒரு பெரிய கருவி கம்பத்தில், சில சிறிய கருவிகள் உடலில், இரண்டையும் ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இந்த ஒரு வாரத்தை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை.

உப்பளத்தில் இன்னொன்று. ஈரக்குமிழின் பருத்தித் திரியில் உப்பு படிந்தால் ஆவியாதல் குறையும், அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 0.7 பங்கு அதற்குத்தான் என்பதால் பிழை நேராக முடிவில் விழும். திரியைத் தினமும் மாற்ற வேண்டும், வடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும். சுற்றுப்பலகைக்கு மேற்பூச்சு இல்லையென்றால் இணைப்புகள் சில வாரத்திலேயே பச்சை பிடிக்கும். முதற்கட்ட 50,000இல் ஒரே ஒரு மாதிரிக் கருவியைச் செய்து ஜூன், ஜூலையில் களத்தில் நிறுத்திவிட்டால் இதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். இரண்டு கட்டப் பிரிப்பை இப்போது முழுமையாக ஆதரிக்கிறேன்.

#10 குறுக்குவெட்டு

எல்லோரும் பணத்தைப் பற்றிப் பேசுகிறோம். பொருளியல் ஆசிரியர் இதில் ஏன் சேர வேண்டும் என்று யாராவது கேட்டோமா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 ஒழுங்குமுறையின் ஆராய்ச்சி மதிப்பெண் அட்டவணையை எடுங்கள். மொழி, கலை, சமூக அறிவியல் பக்கத்தில் ஒரு கட்டுரைக்கு 10. அறிவியல், பொறியியல், மருத்துவப் பக்கத்தில் 8. இரண்டு பேர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். இரண்டுக்கு மேல் போனால் முதல் ஆசிரியர் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. உப்பளக் கட்டுரையில் ஆறு பேர் இருப்பார்கள். பொருளியல் ஆசிரியர் நடுவில் எங்கோ இருப்பார், அவருக்கு 3. அதே நேரத்தில் தனியாக ஒரு கட்டுரை எழுதினால் 10. பதவி உயர்வுக்கு நிற்கும் உதவிப் பேராசிரியர் ஒருவருக்கு இந்தக் கூட்டு நேரடி நஷ்டம். மனமிருந்தும் ஒதுங்கிவிடுவார், அல்லது பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வேலை செய்ய மாட்டார். இதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்ப்பது தவறு. விதி அப்படித் தள்ளுகிறது.

பல்கலைக்கழகம் யு.ஜி.சி. அட்டவணையை மாற்ற முடியாது. ஆனால் விதை நிதி ஆணையில் ஒன்று செய்யலாம்: ஒவ்வொரு துறையும் தலைமை ஏற்கும் ஒரு கட்டுரையை முன்கூட்டியே எழுதி வைப்பது. கருவி ஒப்பீட்டுக் கட்டுரைக்கு மின்னணுவியல் முதல் ஆசிரியர், உடல் அளவீட்டுக் கட்டுரைக்கு மருத்துவம், கூலிமுறைக் கட்டுரைக்குப் பொருளியல். மூன்றும் வெவ்வேறு கேள்வி, வெவ்வேறு இதழ், ஒரே தரவைத் துண்டு போடுவது அல்ல. இந்த ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் முதல் தவணை விடக் கூடாது.

திட்டத்துக்கான மதிப்பெண்ணிலும் ஒரு நுணுக்கம். முடிந்த திட்டம் 10 லட்சத்துக்கு மேல் என்றால் 10, குறைவு என்றால் 5, கூட்டுத் திட்டம் என்றால் முதன்மை ஆய்வாளருக்கும் இணை ஆய்வாளருக்கும் பாதிப் பாதி. நீங்கள் வைத்திருக்கும் உச்சவரம்போ சரியாக 10 லட்சம். அது 'மேல்' என்பதிலும் வராது, 'குறைவு' என்பதிலும் வராது. தேர்வுக்குழுவில் வீண் வாக்குவாதம். 10,05,000 என்று வையுங்கள். உள் நிதித் திட்டத்துக்கு இந்த மதிப்பெண் உண்டா என்பதையும் இப்போதே எழுத்தில் முடிவு செய்துவிடுங்கள்.

#11 கணக்கர்_சிவகங்கை

குறுக்குவெட்டு மேடம் சொன்ன 10,05,000 நல்ல யோசனை. ஐந்து திட்டத்துக்கும் சேர்த்து 25,000 கூடும், கையிருப்பு 4 லட்சத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மருத்துவக் கல்லூரி வேறு நிறுவனம் என்பதால் பணம் எப்படிப் போகும் என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். அவர்கள் கணக்குக்கே ஒரு பங்கை மாற்றினால் புரிந்துணர்வு ஒப்பந்தம், அவர்கள் பக்கத்து ஒப்புதல், அவர்கள் தணிக்கை, பிறகு பயன்பாட்டுச் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் வராமல் நம் கணக்கை முடிக்க முடியாது. இரண்டு, மூன்று லட்சத்துக்காக இவ்வளவு கோப்பு தேவையில்லை. பணம் முழுவதும் இங்கேயே இருக்கட்டும். பரிசோதனைக்கு மாதிரி ஒன்றுக்கு இவ்வளவு என்று அவர்கள் ஆய்வகத்தின் அறிவிக்கப்பட்ட கட்டணத்தில் பில் வாங்கிக் கொடுத்துவிடலாம். மருத்துவ ஆய்வாளருக்கு ஒப்பந்தத்தில் இணை ஆய்வாளர் தகுதி மட்டும், பணக் கையாளல் கிடையாது. அவர்களுக்கும் அதுவே நிம்மதி.

பல்கலைக்கழகத்துக்குள் இரண்டு துறை என்றால் நேர்மாறாகச் செய்யுங்கள். முதன்மை ஆய்வாளர் துறையிலேயே முழுப்பணமும் இருந்தால் மற்றத் துறைக்காரர் ஒரு பேட்டரி வாங்கக்கூட அங்கே போய் நிற்க வேண்டும். ஒரே திட்ட எண், இரண்டு துணை எண், இருவருக்கும் தனித்தனிக் கையெழுத்து அதிகாரம்.

கொள்முதல்: மாநிலப் பல்கலைக்கழகம் 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு உட்பட்டது. மத்திய நிறுவனங்களுக்கு 2025 ஜூனில் அறிவியல் கொள்முதலைத் தளர்த்தினார்கள், கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு இங்கேயும் பொருந்தும் என்று நேரடியாக வாங்கிவிட்டால் தணிக்கைத் தடை நிச்சயம். இங்குள்ள வரம்பை ஆணையின் இணைப்பாகவே கொடுத்துவிடுங்கள்.

#12 பொருநை

மிகவும் உபயோகமான விவரங்கள். இன்னொரு சந்தேகம். பொது ஆள் என்று அமர்த்தப்படுபவர் பிஎச்.டி. பதிவு செய்ய விரும்பினால் எந்தத் துறையில் செய்வார்? 18 மாதத்துக்குப் பிறகு அவர் என்ன ஆவார்?

#13 மருதத்திணை

யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. ஒழுங்குமுறையில் துறை கடந்த ஆய்வுக்கு வெளித்துறையிலிருந்தோ வெளி நிறுவனத்திலிருந்தோ இணை நெறியாளர் வைக்கலாம் என்று தெளிவாகவே இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில்: நெறியாளருக்கு உச்சவரம்பு உண்டு. பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. இடம் நிரம்பிய ஒருவர் முதன்மை ஆய்வாளராக இருந்தால் அந்த ஆளைப் பதிவு செய்யவே முடியாது. விண்ணப்பத்திலேயே காலியிடம் கேளுங்கள்.

பிஎச்.டி. குறைந்தது மூன்று ஆண்டு, நிதி 18 மாதம். இந்த இடைவெளியை மறைக்காமல் நியமன ஆணையில் சொல்லிவிட வேண்டும். நிதி முடிந்ததும் பல்கலைக்கழக ஃபெலோஷிப்பில் முன்னுரிமை தர முடியுமென்றால் எழுதுங்கள், முடியாதென்றால் பதிவைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஓர் இளைஞரின் மூன்று ஆண்டு இது.

ஆய்வு ஆலோசனைக் குழுவில் இரண்டு துறையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் பருவத்தில் 'இது நம் துறைப் பாடமே இல்லையே' என்று ஒருவர் ஆரம்பிப்பார், மாணவர் தலைப்பை மாற்றுவார், கூட்டு அத்தோடு முடிந்தது.

#14 ஏரிக்கரை_ஆன்ஆர்பர்

தேர்வுக்குழு பற்றி. ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு ஐந்து ஆண்டில் வந்த 18,476 விண்ணப்பங்களை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். துறைகளுக்கிடையிலான தூரம் கூடக்கூட நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை: மின்னணுவியல் நிபுணர் கருவியைப் பார்த்து 'இதில் புதுமை இல்லை' என்பார், மருத்துவ நிபுணர் மாதிரி எண்ணிக்கையைப் பார்த்து 'போதாது' என்பார். தனித்தனியே இருவரும் சரி. இரண்டு மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நல்ல கூட்டு விண்ணப்பம் நடுவில் விழுந்துவிடும். எனவே மதிப்பெண்ணை அஞ்சலில் வாங்கிச் சராசரி போடாதீர்கள். மூன்று பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசட்டும், அதில் ஒருவர் இரண்டு துறையையும் சேராதவர்.

இன்னொரு பழைய ஆய்வும் உங்களுக்குப் பயன்படும். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் 62 கூட்டுத் திட்டங்களை 2005இல் ஆராய்ந்தபோது, துறை வேறுபாட்டைவிட நிறுவன வேறுபாடே அதிகம் பாதித்தது. கணக்கர் சார் மருத்துவக் கல்லூரி விஷயத்தில் சொன்ன எளிய ஏற்பாடு அந்த வகையில் மிகச் சரி. வெளி நிறுவனம் இருக்கும் திட்டத்துக்கு மாதம் ஒரு நேரடிச் சந்திப்பைக் கட்டாயமாக்கி, அதற்கான பயணப்படியைத் தனியாக ஒதுக்குங்கள்.

#15 குறுக்குவெட்டு

முடிவில் என்ன எதிர்பார்ப்பது என்ற கேள்வி மிச்சம். 'வெளி நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்' என்று மட்டும் வைத்தால் போதாது, அதையே ஒரே அளவுகோலாக்கினாலும் கெடும். மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான எஸ்.இ.ஆர்.பி.யின் இடத்தில் 2024 முதல் ஏ.என்.ஆர்.எஃப். இருக்கிறது, உடல்நலம் என்றால் ஐ.சி.எம்.ஆரின் சிறு மானியம் 2 கோடி வரை. இவற்றில் ஏதோ ஒன்றுக்கு எழுதுவது நல்ல இலக்கு. ஆனால் சில கூட்டுகளின் நேர்மையான முடிவு 'சட்டையில் மாட்டும் கருவி உப்பளத்தில் நம்பத்தக்கதல்ல' என்பதாக இருக்கும். அந்த நான்கு பக்கக் குறிப்பைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தால் அடுத்தவர் அதே பணத்தைச் செலவழிக்க மாட்டார். இரண்டில் ஒன்று போதும் என்று விதி எழுதுங்கள்.

#16 மருதத்திணை

ஏற்கிறேன், ஒரு திருத்தத்துடன். 'இயலவில்லை' என்ற குறிப்புக்குத் தரவும் சேர்ந்து வர வேண்டும். வெறும் நான்கு பக்கத்தை யாரும் எழுதிவிடலாம்.

#17 பொருநை

வரைவில் சேர்ப்பவை: மே மாதம் 90 நிமிடச் சந்திப்பு, ஜூன்–செப்டம்பர் முதற்கட்டம், 12 × 50,000, அதிகம் வந்தால் குலுக்கல், இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு தாளும் நெறிமுறை விண்ணப்ப ரசீதும், அக்டோபர் 1 முதல் 18 மாதம், 5 × 10,05,000, பொது ஆளுக்குக் குறைந்தது 60 சதவீதம், ஆசிரியர் வரிசை ஒப்பந்தம் முதல் தவணைக்கு முன், ஒரே மேசை மதிப்பீடு. கையிருப்பு 3,75,000. ஏதும் விடுபட்டதா?

#18 கணக்கர்_சிவகங்கை

மூன்று விடுபட்டவை.

குலுக்கல் என்றால் நடைமுறையைச் சிண்டிகேட் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்: யார் முன்னிலையில், எந்தத் தேதியில், காத்திருப்போர் பட்டியல் எத்தனை பேர். இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் முதல் மனு அதைக் கேட்டுத்தான் வரும்.

உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் மதிப்பீட்டில் ஆசிரியர்களுக்கு விதை நிதி கொடுத்த விவரம் ஒரு தனி அளவுகோல். ஆசிரியர் பெயர், தொகை, ஆண்டு, காலம், நிதி அலுவலர் கையொப்பமிட்ட வரவு செலவு அறிக்கை, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் கேட்பார்கள். இரு துறைத் திட்டம் என்பதால் துணை எண் வாரியாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மொத்தத் தொகையை இரண்டு பேர் பெயரிலும் முழுதாகக் காட்டிவிட்டு விளக்கம் எழுத வேண்டிவரும்.

முதன்மை ஆய்வாளர் நடுவில் வேறு இடத்துக்குப் போனால் திட்டம் இணை ஆய்வாளருக்குத் தானாக மாறும் என்று ஒரு வரி. கருவிகள் எந்தத் துறையின் இருப்புப் பதிவேட்டில் ஏறும் என்பதையும் அதே பத்தியில். உப்பளத்தில் நிறுத்திய கருவியை ஆண்டிறுதிச் சரிபார்ப்புக்கு எப்படிக் காட்டுவது என்று கேட்பார்கள். 'களத்தில் நிறுவப்பட்டது' என்று இடம், தேதி, படத்துடன் பதிவேட்டில் எழுதினால் போதும்.